கத்தரிக்கோல் காது, கிளிமூக்கு நகம், காந்தள் விரல்



மூன்று நாளாக ஓவேலியில் விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. போனில் சார்ஜ் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும். வகுப்பில் என்னிடம் தப்பிக்க முடியாதவர்கள் இங்கேயாவது தப்பித்துக்கொள்ளலாம். பெயர் குறித்துவைக்க மாட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு போட்டோ அனுப்பினாள். எல்லமலைப் பக்கத்துப் பிள்ளை, இப்போது கோயம்புத்தூரில் நர்ஸ். பழுப்பேறிய சார்ட் ஒன்றின் படம். கீழே ஒரே வரி: "டீச்சர், ஞாபகம் இருக்கா?" பார்த்ததும் சிரித்துவிட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

1994, ஒன்பதாம் வகுப்பு. உவமை அணி நடத்த வேண்டும். பாடநூலில் இருந்த எடுத்துக்காட்டைப் படித்தால் பாதிப் பேர் ஜன்னல் வழியே தேயிலைக் காட்டைப் பார்ப்பார்கள். அதனால் பொருநராற்றுப்படையை எடுத்துக்கொண்டேன். பத்துப்பாட்டில் இரண்டாவது, முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடியது, 248 அடி. அதில் பாணர் கூட்டத்துப் பாடினி ஒருத்தியைத் தலைமுடியிலிருந்து பாதம் வரை உறுப்பு உறுப்பாக வருணித்திருப்பார். பின்னாளில் இதைக் கேசாதிபாதம் என்று தனி வகையாகவே வைத்தார்கள். உறுப்புகளைக் கரும்பலகையில் எழுதி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். புலவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே வரைய வேண்டும், அழகுபடுத்தக் கூடாது, திருத்தக் கூடாது. அவ்வளவுதான் விதி.

வந்து சேர்ந்த உருவத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூந்தலுக்கு ஆற்று மணல். நெற்றிக்குப் பிறை. புருவத்துக்கு வில். வாய்க்கு இலவம்பூ இதழ். பல்லுக்கு முத்து. இதுவரை சரி, சினிமாப் பாட்டிலும் வருவதுதான். காதுக்கு வந்ததும் வகுப்பு ஆடிப்போனது. முடி வெட்டும் கத்தரியின் கைப்பிடி வளையம் போன்ற காது என்கிறார் புலவர். கூடலூர் சலூனில் வேலை பார்த்த ஒருவரின் மகன் நிஜக் கத்தரியையே கொண்டுவந்து, வளையத்தைச் சார்ட்டில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டான். இரண்டு பக்கமும் இரண்டு வளையம், அதில் தோடு. நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு உவமை சரித்திரப் பாடத்துக்கும் உதவும். சங்க காலத்தில் கத்தரி இருந்தது, அதற்கு அழகான வளைந்த கைப்பிடி இருந்தது, கேட்பவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள் என்று மூன்று செய்தி அதில் இருக்கிறது. கல்வெட்டில்கூட இப்படிக் கிடைக்காது.

தோளுக்கு மூங்கில். விரல் நகத்துக்குக் கிளியின் அலகு. பத்து விரலுக்கும் பத்துக் கிளிமூக்கு, பச்சை மை தீர்ந்துபோனது. தொடைக்குப் பெண் யானையின் தும்பிக்கை. இதை வரைய வேண்டிய பையன் எழுந்து, "டீச்சர், இந்தப் புலவர் நம்ம லைன்ல ஒரு ராத்திரி தங்கியிருக்க மாட்டார்" என்றான். அதற்கு முந்தின வாரம்தான் அவர்கள் வீட்டு வாழையை யானை சாய்த்துவிட்டுப் போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. வரைந்து கொடுத்தான்.

பாதத்துக்கு என்ன உவமை தெரியுமா? ஓடிக் களைத்த நாயின் நாக்கு. சிவந்து, மெலிந்து, மென்மையாய்த் தொங்கும் நாக்கு. கல் வழியில் நடந்து நொந்த பாதம் என்பதற்கு இதைவிடச் சரியான உவமை எனக்குத் தெரிந்து இல்லை. வரைந்தால் மட்டும், ஒரு பெண் இரண்டு நாய்களின் வாய்க்குள் காலை விட்டு நிற்பதுபோல இருந்தது.

இடுப்பு? உண்டா இல்லையா என்று அறிய முடியாத இடை என்கிறார் புலவர். அந்தப் பகுதி வாங்கிய பையன் நாலு விரற்கடை இடத்தைச் சும்மா விட்டுவிட்டான். "இல்லாததை எப்படி டீச்சர் வரையறது?" மேல் உடம்பு தனி, கீழ் உடம்பு தனி, நடுவில் சார்ட்டின் வெள்ளை.

தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறார். செயலால் ஒப்பாகலாம், விளைவால் ஒப்பாகலாம், வடிவத்தால், நிறத்தால் ஒப்பாகலாம். புலவர் ஒன்றை மனத்தில் வைத்துச் சொல்வார். வரைபவன் நான்கையும் சேர்த்து வரைந்துவிடுவான். கண்ணை வேல் என்றால் குத்தும் செயல்தான் அங்கே பொருள். வேலையே வரைந்தால் கோமாளித்தனம். இதைப் பிள்ளைகள் அன்று சிரித்துச் சிரித்தே கற்றுக்கொண்டார்கள்.

இந்த விளையாட்டு நான் கண்டுபிடித்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான், பெங்களூரில் இருக்கும் தம்பி மகன் இணையத்தில் சில படங்களைக் காட்டினான். எனக்கு 367 வருடம் முந்தியே பிரான்சில் செய்துவிட்டார்கள்!

சார்ல் சொரேல் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். 1627இல் ஒரு நையாண்டி நாவல் எழுதினார். காதல் காவியங்களை அளவுக்கு மீறிப் படித்துத் தன்னை ஓர் ஆட்டிடையன் என்று நினைத்துக்கொண்ட பாரிஸ் இளைஞன் கதை அது. தன் காதலியின் அழகைக் கவிஞர்கள் பாஷையிலேயே நண்பனிடம் அளக்கிறான். நண்பன் குறும்புக்காரன், சொன்னதைச் சொன்னபடி வரைந்து கொடுத்துவிடுகிறான். கண்ணுக்குப் பதில் இரண்டு சூரியன், புருவத்துக்குப் பதில் இரண்டு வில், கன்னத்தில் ரோஜாவும் லில்லியும், உதடாகப் பவளம், பல்லாக முத்து, கூந்தலாக வலை, அதில் மாட்டிக்கொண்ட இதயங்கள், நெற்றியில் உட்கார்ந்திருக்கும் மன்மதன். புத்தகத்தில் இந்தப் படமும் செதுக்கோவியமாக அச்சாகியிருக்கிறது. பின்னர் ஆங்கிலத்துக்கும் போனது. படத்தைப் பார்த்தபோது என் ஒன்பதாம் வகுப்புச் சார்ட்டுக்கு அக்கா மாதிரி இருந்தது.

(அதற்கும் முன்பு, 1559இல், நெதர்லாந்துப் பக்கத்து ஓவியர் புரூகல் தம் மொழியின் பழமொழிகளை நூற்றுக்கு மேல் ஒரே படத்தில் வரைந்திருக்கிறார். சுவரில் தலையை முட்டிக்கொள்பவனும் அதில் உண்டு. நம்மிடமும் அந்த ஆள் இருக்கிறார்.)

ஆனால் என்னை உலுக்கியது இன்னொரு புத்தகம். அதில் கேலி இல்லை. ரொம்பப் பொறுப்பாகச் செய்தது.

1914இல் கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூர் ஒரு சிறிய நூல் வெளியிட்டார். ரவீந்திரநாத்தின் அண்ணன் முறை உறவில் வந்த மகன். வங்க ஓவியப் பள்ளியின் தலைவர் என்று நம் சரித்திரப் புத்தகத்தில் வருபவர். இந்தியச் சிற்பத்திலும் ஓவியத்திலும் உடல் எப்படி அமைக்கப்படுகிறது என்பது பொருள். அப்போது ஆங்கிலேயரின் கலைப்பள்ளிகளில் எலும்பு, தசை என்று கற்றுக்கொடுத்தார்கள். நம் சிலைகளைப் பார்த்து, "இவர்களுக்கு உடற்கூறு தெரியாது" என்றார்கள். அவனீந்திரர் சொன்ன பதில், எங்களுக்கு உடற்கூறு உண்டு, அது உவமையில் இருக்கிறது என்பதுதான்.

நூலில் பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியங்கள். இந்தப் பக்கம் ஓர் உறுப்பு, அந்தப் பக்கம் அதன் உவமை. முகம் கோழிமுட்டை, இல்லையென்றால் வெற்றிலை. புருவம் வேப்பிலை அல்லது வில். கண்ணுக்கு மீன், மான், வாலாட்டிக் குருவி, தாமரை இதழ். மூக்கு எள்ளுப்பூ. உதடு கோவைப்பழம். முகவாய்க்கட்டை மாங்கொட்டை. கழுத்து சங்கு. தோள் யானையின் தலை. மார்பும் வயிறும் சேர்ந்த உடல் பசுவின் முகம். இடை உடுக்கை. முன்கை வாழைக்கன்று, விரல் அவரைக்காய். முழங்கால் நண்டின் ஓடு. கெண்டைக்கால் சினை பிடித்த மீன்!

மாங்கொட்டை முகவாய் படத்தைக் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நீங்களும் பாருங்கள்.

ஏன் உவமை? அவர் சொல்லும் காரணம் எளிமையானது. மனித உடம்பு ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு பேர் கை ஒரே மாதிரி இருக்காது. ஆனால் வேப்பிலை எங்கும் வேப்பிலைதான். பசுவின் முகம், கோழி முட்டை, சங்கு எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. ஆகவே சிற்பிக்கு அளவுகோலாக மாறாத ஒன்றைக் கொடுத்தார்கள். அழகுக்காகச் சொன்ன வார்த்தை என்று நாம் நினைப்பது பட்டறையில் கருவியாக இருந்திருக்கிறது. இத்தனை வருடம் அணி இலக்கணம் நடத்திய எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

இந்த நூலில் கைவைத்தவர்கள் பெயரைப் பாருங்கள். வங்காளியில் எழுதியதை ஆங்கிலமாக்கியவர் சுகுமார் ராய், சத்யஜித் ராயின் அப்பா. வங்கக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சிரிக்கவைத்தவர். 1923இல் அவர் மறைந்த சில நாளில் வந்த 'ஆபோல் தாபோல்' என்ற நூலில் வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டிய பிராணி, யானையும் திமிங்கலமும் ஒட்டிய பிராணி எல்லாம் வரும், அவரே வரைந்த படங்களோடு. மனித உடம்பில் நண்டோட்டையும் பசுமுகத்தையும் ஒட்டும் சாத்திரத்தை உட்கார்ந்து மொழிபெயர்த்தவருக்கு அந்தப் பிராணிகள் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

படம் வரைந்தவர்கள் அவனீந்திரரின் மாணவர்கள் இருவர். ஒருவர் நந்தலால் போஸ். மற்றவர் வெங்கடப்பா, மைசூர்க்காரர், 1886இல் பிறந்தவர். அரசர் உதவியோடு கல்கத்தா போய்ப் படித்துத் திரும்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓவியத்தைப் போலவே வீணைமேலும் பைத்தியம். இவரை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் 1920களில் இவர் நம் மலைக்கு வந்தார். ஊட்டியை நீர்வண்ணத்தில் வரைந்தார். மழைமேகம் கலையும் நேரம், நிலா வெளிச்சம், ஏரி என்று, இந்த இடம், இந்த நேரம், இந்த வெளிச்சம் என்று குறிவைத்து வரைந்தவை. பெங்களூரில் கஸ்தூரிபா சாலையில் அவர் பெயரில் ஓவியக்கூடம் இருக்கிறது. தம்பி மகனோடு ஒருமுறை போய் அந்த ஊட்டிப் படங்களுக்கு முன்னால் நின்றேன். எல்லா மூக்குக்கும் எள்ளுப்பூ என்ற நூலுக்குப் படம் போட்ட அதே கை, எந்த உவமைக்கும் அடங்காத ஒரு குறிப்பிட்ட மேகத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. நமக்குத் தெரியுமே, கூடலூர் மலைப்பாதையில் ஒரு வளைவில் பார்த்த மேகம் அடுத்த வளைவில் இருக்காது.

இப்போது சார்ட்டுக்கு வருகிறேன்.

விரல் அவளுக்குக் கொடுத்த பகுதி. புலவர் சொன்னது காந்தள், அதுவும் உயர்ந்த மலையில் பூத்த காந்தள். நமக்கு எளிது. மழைக்காலத்தில் வேலி ஓரமெல்லாம் அதுதான், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்போம். (வேலி என்றதும் ஒன்று. வெளியூர்க்காரர்கள் "ஓவேலியில் அந்த வேலி எங்கே?" என்று கேட்பார்கள். காப்பித் தோட்டம் போட்ட ஆக்டர்லோனி குடும்பத்தின் பெயரும், பள்ளத்தாக்கு என்ற இங்கிலீஷ் வார்த்தையும் நம் வாயில் கரைந்து ஓவேலி ஆனது. வேலி கிடையாது.) சிவப்பும் மஞ்சளுமாக நீண்டு வளைந்த இதழ்கள், விரல் மாதிரியேதான் இருக்கும்.

அவள் காந்தள் வரையவில்லை. ஒரு கை வரைந்திருந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகள் கறுப்பு. வெடிப்பில் கறுப்புக் கோடு. கீழே எழுதியிருந்தாள்: "எங்கள் அம்மா விரல் அணைந்த திரி போல."

கொழுந்து கிள்ளுகிறவர்கள் விரல் அப்படித்தான் இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பறித்த இலை ஃபேக்டரியில் காற்றுப்பட்டுக் கறுத்துத் தேயிலையாவது எப்படியோ, அந்தச் சாறு விரலில் பட்டுக் காய்ந்து கறுப்பதும் அப்படியே. எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது.

நான் என்ன செய்தேன்? "உவமை உயர்ந்ததாக இருக்க வேண்டும், தொல்காப்பியரே சொல்கிறார்" என்றேன். மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. காலண்டரில் இருந்து ஒரு காந்தள் படத்தை வெட்டி, மைதாப் பசை தடவி, அவள் வரைந்த கைமேல் நானே ஒட்டினேன். வந்தவர்கள் சார்ட்டைப் பார்த்துச் சிரித்து, பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை. வருடக் கடைசியில் அதைப் பழைய பேப்பரோடு போட இருந்தபோது, அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போட்டோவில், பசை விட்டு, காந்தள் விழுந்துவிட்டிருந்தது. சதுரமான பழுப்புத் தழும்புக்குள் அந்தக் கை அப்படியே இருக்கிறது.

அன்றிரவு தொல்காப்பியத்தை எடுத்தேன். உவமை உயர்ந்ததன்மேல் அமையும் என்று இருப்பது உண்மை, மூன்றாம் நூற்பா. அதற்கு அடுத்ததை நான் வகுப்பில் சொல்லவில்லை. சிறப்பு, நலன், காதல், வலிமை, இந்த நான்கும் உவமை பிறக்கும் இடங்கள் என்கிறார். காதல் என்றால் அன்பு. அதற்கும் அடுத்த நூற்பாவில், தாழ்ந்த பொருளும் இடமாகலாம் என்று ஐந்தாவதைச் சேர்க்கிறார். இல்லாவிட்டால் நாய் நாக்கை முடத்தாமக்கண்ணியார் எப்படிச் சொல்லியிருப்பார்? அந்த நாக்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட கையாலேயே திரியை மறைத்திருக்கிறேன். அவனீந்திரர்கூடத் தம் நூலின் தொடக்கத்திலேயே, இந்த விதிகளை விலங்காக மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்னைப் போன்ற டீச்சர்கள் வருவார்கள் என்று.

மறுநாள் காலையில் அவளுக்குப் போன் செய்தேன். மூன்றாம், நான்காம், ஐந்தாம் நூற்பா எல்லாம் சொல்லி மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். குறுக்கிட்டாள்.

"டீச்சர், நீங்க ஒட்டினதுல எனக்குக் கோபமே இல்ல. அன்னிக்கு அம்மா ஸ்கூலுக்கு வந்திருந்தாங்க. அம்மா கையை வரைஞ்சிருக்கேன்னு வீட்ல சொல்லியிருந்தேன். சார்ட்டைப் பார்த்துட்டு, 'எங்கடி என் கை'ன்னு கேட்டாங்க. பூவைக் காட்டி, இதுதான்மான்னேன். சிரிச்சிட்டுப் போய்ட்டாங்க. அதான் கேட்டு வாங்கிட்டுப் போனேன். வீட்ல வச்சு உரிச்சுக் காட்டலாம்னு. உரிச்சா படமும் கிழிஞ்சிடும்போல இருந்துச்சு, விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். அவளோடுதான் கோயம்புத்தூரில் இருக்கிறாராம். எஸ்டேட் வேலை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, விரல் எல்லாம் வெளுத்துவிட்டதாம். போன மாதம் வீடு மாறும்போது பூ தானாக விழுந்து படம் வெளியே வந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தாராம். தன் கையைப் பக்கத்தில் வைத்து, "இவ்வளவு கறுப்பாவா இருந்துச்சு?" என்று கேட்டாராம்.

அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் எல்லமலைக்கு வருகிறார்கள். சார்ட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது அன்று ஊரில் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். கத்தரிக்கோல் கொண்டுவந்தவன் இப்போது துபாயில், தும்பிக்கை வரைந்தவன் சூண்டியில் ஜீப் ஓட்டுகிறான், சொல்லிவிட்டேன். இடுப்பு வரையாமல் விட்டது யார் என்றுதான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நீங்களாக இருந்தால் எழுதுங்கள்.